சென்சாரை மாற்றியும் போகாத கோட்: லாரி வயரிங்கில் பழுதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பூஸ்ட் பிரஷர் சென்சார் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) மூன்று முறை மாற்றப்பட்ட லாரி ஒன்று என்னிடம் வந்தது. புதுச் சென்சார் போட்டால் நாலைந்து நாள் நன்றாக ஓடும். அப்புறம் லோடோடு மேடு ஏறும்போது செக் லைட் எரியும், இழுவை குறையும். இறக்கத்தில் லைட் தானாக அணைந்துவிடும். "இப்ப வர்ற சென்சார் எல்லாமே டூப்ளிகேட் சார்" என்றார் டிரைவர். கழற்றிய சென்சார்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். சோதித்துப் பார்த்தேன். அத்தனையும் நல்ல சென்சார்கள்.

சென்சாரை மாற்றியாயிற்று, கோட் (இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுது எண்) திரும்ப வருகிறது, அடுத்து எதைக் கழற்றுவது என்று தெரியவில்லை. இந்த நிலையில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று சாமான்கள் வேண்டும்: டிஜிட்டல் மல்டிமீட்டர், கோடோடு லைவ் டேட்டாவும் (சென்சார்களின் அப்போதைய அளவுகள்) காட்டுகிற ஸ்கேனர், அந்த வண்டிக்கே உரிய வயரிங் வரைபடம். வரைபடம் இல்லாமல் இறங்க வேண்டாம். வயரின் நிறத்தை வைத்து ஊகிக்கலாம் என்று இறங்கியவர்கள் வெட்டிய வயர்களை ஒட்டவே எனக்குப் பாதி நாள் போயிருக்கிறது.

கோட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

கனரக வண்டிகளில் பெரும்பாலும் ஜே1939 என்ற பொது முறைப்படிதான் கோட் வரும். அதில் இரண்டு எண்கள் இருக்கும். எஸ்பிஎன் என்பது எந்த இடம் என்று சொல்லும். 100 என்றால் ஆயில் பிரஷர், 102 பூஸ்ட், 105 இன்டேக் காற்றின் சூடு, 110 கூலன்ட் சூடு, 190 இன்ஜின் வேகம். பலரும் இந்த எண்ணைப் பார்த்ததுமே புதுச் சென்சார் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் நமக்கு வேலை இருப்பது, என்ன விதமான பழுது என்று சொல்லும் இரண்டாவது எண்ணான எஃப்எம்ஐயில்.

எஃப்எம்ஐ 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட மேலே போய்விட்டது. 4 என்றால் கீழே விழுந்துவிட்டது. 5 கரன்ட் குறைவு, பெரும்பாலும் ஓப்பன், அதாவது வழி எங்கோ அறுந்திருக்கிறது. 6 கரன்ட் அதிகம், எர்த்தோடு ஷார்ட். 2 வந்தால் அளவு தாறுமாறாகக் குதிக்கிறது என்று பொருள். லூஸ் கனெக்ஷன் இந்த எண்ணில் அடிக்கடி ஒளிந்திருக்கும். 9 என்றால் நெட்வொர்க்கில் தகவல் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை.

0, 1 ஆகிய இரண்டும் வேறு ஜாதி. அளவு நம்பத்தகுந்ததுதான், ஆனால் அது ஆபத்தான எல்லையில் இருக்கிறது என்று அவை சொல்கின்றன. எஸ்பிஎன் 100-உடன் எஃப்எம்ஐ 1 வந்தால் வயரிங்கைத் தொடாதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கல் கேஜ் போட்டு ஆயில் பிரஷரை அளந்து பாருங்கள். அங்கே சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆக, 3, 4, 5, 6 இவற்றில் எது வந்தாலும் கோட் குறை சொல்வது ஒரு சர்க்யூட்டை. சென்சார், அதன் கனெக்டர், இரண்டு மூன்று வயர்கள், வழியில் இருக்கும் இணைப்புகள், இசியு கனெக்டரில் இருக்கும் பின் (ஊசி முனை) எல்லாம் சேர்ந்ததுதான் அந்த சர்க்யூட். சென்சார் அதில் ஒரு துண்டு மட்டுமே.

அழிப்பதற்கு முன் எழுதுங்கள்

வண்டி வந்ததும் முதல் வேலையாகக் கோடை அழிப்பவர்கள் தடயத்தையும் சேர்த்து அழிக்கிறார்கள். கோட் இப்போது ஆக்டிவாக இருக்கிறதா, எத்தனை முறை வந்திருக்கிறது, ஃப்ரீஸ் ஃப்ரேமில் (கோட் விழுந்த கணத்தில் இசியு சேமித்த அளவுகள்) அந்த நேரத்து இன்ஜின் வேகம், லோடு, கூலன்ட் சூடு என்ன என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே வந்திருக்கும் மற்ற கோடுகளையும் விடாதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் ஒரே நேரத்தில் பதிவாகியிருந்தால் சென்சார்களை மறந்துவிடுங்கள். அவை பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் சப்ளையோ எர்த்தோ கெட்டிருக்கும்.

அப்புறம் டிரைவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மழையில் வருகிறதா, வாட்டர் வாஷ் செய்த மறுநாளா? குண்டும் குழியுமான ரோட்டிலா? கேபினைச் சாய்த்து இறக்கிய பிறகா? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடேறிய பிறகா? கடைசியாக ஒன்று கேளுங்கள்: இந்தக் கோட் வர ஆரம்பிப்பதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது? கிளட்ச் இறக்கினார்களா, சேஸிஸில் வெல்டிங் வைத்தார்களா, ஜிபிஎஸ் பொருத்தினார்களா? பழுது இருக்கும் இடத்துக்கு இந்தக் கேள்வியே கூட்டிக்கொண்டு போன வண்டிகள் நிறைய.

பேட்டரியும் எர்த்தும்

சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தாண்டிப் போகக்கூடாது. இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் பேட்டரி முனைகளில் சுமார் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை வர வேண்டும். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.5. டெர்மினல்களைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக்கூடாது.

எர்த்தை ஓமில் அளந்து திருப்திப்பட வேண்டாம். கரன்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இசியுவின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. இன்ஜின் பிளாக், சேஸிஸ் இரண்டுக்கும் இப்படியே பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிளாக்கில் அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகத் தேய்த்து மாட்டுங்கள்.

குளிர்ந்த வண்டியில் ஒரு பார்வை

காசில்லாமல் நிறையச் சொல்லும் சோதனை இது. இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் லைவ் டேட்டாவைப் பாருங்கள். கூலன்ட், இன்டேக் காற்று, ஆயில், எரிபொருள் என எல்லாச் சூடுகளும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதுதான் குற்றவாளி. பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: முழு அழுத்தத்தைக் காட்டும் வண்டியில் கடல் மட்டத்தை ஒட்டி சுமார் 100 கிலோபாஸ்கல், பூஸ்டை மட்டும் காட்டும் வண்டியில் பூஜ்யம். ஆயில் பிரஷரும் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும்.

முடிந்தால் அளவைப் பார்க்காமல் அதன் வோல்டேஜைப் பாருங்கள். சில இசியுக்கள் பழுது வந்ததும் தாங்களாகவே ஒரு பொய் எண்ணைப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டும். திரையில் 85 டிகிரி என்று அழகாக நிற்கும். சென்சாரையே கழற்றிக் கையில் வைத்திருப்பீர்கள்.

கனெக்டரைக் கண்ணாலும் கையாலும் பார்ப்பது

சாவியை அணைத்துவிட்டுக் கனெக்டரைக் கழற்றுங்கள். அதற்கு முன் ஒரு விஷயம். கழற்றி மாட்டினாலே சில பழுதுகள் கொஞ்ச நாளைக்கு மறைந்துவிடும். பின் தேய்ந்து துடைபடும், வயர் இடம் மாறும். புதுச் சென்சார் "வேலை செய்த" அந்த நாலைந்து நாளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே கோட் இப்போது ஆக்டிவாக இருந்தால், கனெக்டரைத் தொடுமுன் மாட்டியபடியே அளக்க முடிந்ததை எல்லாம் அளந்துவிடுங்கள்.

கழற்றிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா, ஏதாவது பின் மட்டும் பின்னால் தள்ளிப்போய் நிற்கிறதா, பூட்டும் கிளிப் உடைந்திருக்கிறதா? கனெக்டருக்குள் ஆயில் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். சென்சாரின் உள்ளே கசிந்து வந்திருக்கலாம். ஆயிலோ தண்ணீரோ வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே ஊறி, மீட்டர் கணக்கில் பயணம் செய்து, மறுமுனையில் இசியு கனெக்டரை நனைப்பதும் உண்டு. துவாரம் இங்கே, கோளாறு அங்கே.

பெண் டெர்மினல்களின் பிடிமானத்தைக் கட்டாயம் சோதியுங்கள். அதே அளவுள்ள புதிய ஆண் பின் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு துவாரத்திலும் செருகி இழுத்துப் பாருங்கள். மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த டெர்மினல் விரிந்திருக்கிறது. யார் விரித்தது? அநேகமாக முன்பு பார்த்தவர் அளப்பதற்காகத் திணித்த மீட்டர் முனை. அதனால் நீங்கள் முன்பக்கமாக முனையைத் திணிக்காதீர்கள். கனெக்டரின் பின்பக்கம் வயரை ஒட்டி மெல்லிய முனையை நுழைத்து அளவுங்கள். வயரின் தோலைக் குத்தியும் அளக்க வேண்டாம். இன்று குத்திய ஓட்டையில் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும்.

மூன்று வயர், மூன்று அளவு

பிரஷர் சென்சார்களில் பெரும்பாலும் மூன்று வயர்கள்: 5 வோல்ட் சப்ளை, எர்த் ரிட்டர்ன், சிக்னல். கனெக்டரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே அளவுங்கள். 4.75 முதல் 5.25 வரை வர வேண்டும். வரவில்லையென்றால் அதே சப்ளை முனையைப் பேட்டரி நெகட்டிவோடு சேர்த்து அளவுங்கள். இப்போது 5 வோல்ட் வந்தால் சப்ளை நன்றாக இருக்கிறது, ரிட்டர்ன் அறுந்திருக்கிறது. இப்போதும் வரவில்லையென்றால் சப்ளையில்தான் சிக்கல்.

5 வோல்ட் ஒரு சென்சாருக்கு மட்டும் சொந்தமானதல்ல. இசியு ஒரே சப்ளையைப் பல சென்சார்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் எல்லாம் சேர்ந்து படுக்கும். வரைபடத்தில் அந்த சப்ளையில் தொங்கும் சென்சார்களைக் குறித்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் துள்ளி எழுகிறதோ அங்கே நில்லுங்கள். எல்லாவற்றையும் கழற்றியும் எழவில்லையென்றால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது இசியு.

இரண்டு வயர் சூட்டு சென்சார்கள் இன்னும் எளிது. சூடு ஏற ஏற அவற்றின் ஓம் குறையும். பெரும்பாலான கூலன்ட் சென்சார்கள் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். இங்கே தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள்: வோல்டேஜ் குறைந்தால் இசியு அதைச் சூடு அதிகம் என்று படிக்கும். எஃப்எம்ஐ 4 நிற்கும்போது கனெக்டரைக் கழற்றுங்கள். கோட் 3-ஆக மாறி, திரையில் மைனஸ் 40 போல ஓர் எண் வந்தால் வயரிங்கும் இசியுவும் சரி, சென்சார்தான் கெட்டது. மாறாமல் 4-லேயே நின்றால் ஷார்ட் வயரில் இருக்கிறது. எஃப்எம்ஐ 3 நின்றால் மாற்றிச் செய்யுங்கள்: கழற்றிய கனெக்டரின் இரண்டு முனைகளையும் சின்ன ஜம்பர் வயரால் இணைத்தால் கோட் 4-ஆக மாற வேண்டும்.

மூன்று வயர் சென்சாரில் இந்த ஜம்பரைக் கண்டபடி போடாதீர்கள். 5 வோல்டையும் ரிட்டர்னையும் சேர்த்துவிட்டால் மற்ற சென்சார்களும் சேர்ந்து கோட் கொடுக்கும். இசியுவோடு மாட்டியிருக்கும் சென்சார் வயரில் டெஸ்ட் லாம்ப் வைப்பதும் கூடாது.

ஓமுக்குச் சிக்காத பழுது

மீட்டர் ஓமில் அனுப்பும் கரன்ட் மிகச் சிறியது. பாதி அறுந்த வயரிலும் களிம்பு ஏறிய இணைப்பிலும் அது சுலபமாக ஓடி "0.2 ஓம், நல்லது" என்று சொல்லிவிடும். சப்ளை, எர்த் போன்ற கனமான வயர்களுக்கு, இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, 21 வாட் பல்பு ஒன்றை அந்த வயர் வழியாக எரியவைத்துப் பாருங்கள். முழு வெளிச்சத்தோடு எரிந்தால்தான் அந்த வயரை நம்பலாம். சன்னமான சிக்னல் வயருக்கு இந்தச் சோதனையும் பெரிதாக உதவாது. அங்கே ஆட்டிப் பார்ப்பதுதான் வழி.

மீட்டரை மின்-மேக்ஸ் பதிவில் (மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்துவைக்கும் முறை) வைத்து, சிக்னல் வயரில் பின்பக்கமாக மாட்டுங்கள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். சென்சார் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாணாக ஹார்னஸை (வயர்க் கட்டை) வளையுங்கள், இழுங்கள், தட்டுங்கள். அவசரம் வேண்டாம், ஓர் இடத்தில் பத்து விநாடியாவது இருங்கள். ஹார்னஸ் பிராக்கெட்டின் விளிம்பைத் தொடும் இடம், இறுக்கிக் கட்டிய டை, கேபின் சாயும்போது மடங்கும் வளைவு, டர்போவுக்கு அருகே தோல் மொரமொரவென்று ஆன பகுதி, சேஸிஸ் குறுக்குச் சட்டத்தைத் தாண்டும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். சூட்டில் மட்டும் வரும் பழுதென்றால் ஹாட் ஏர் கன்னால் மிதமாகச் சூடாக்குங்கள். மழையில் மட்டும் வருவதென்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன லாரியில் கோட் 102, எஃப்எம்ஐ 3. ரிட்டர்ன் வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்டை நோக்கி ஏறிவிடும், அதனால் எனக்கு முதலிலிருந்தே ரிட்டர்ன் மேல்தான் சந்தேகம். நின்ற வண்டியில் எல்லா அளவும் சரியாக இருந்தன. கனெக்டரின் கழுத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வயரை லேசாக இழுத்ததும் மீட்டர் 4.9-க்குத் தாவி மறுபடி இறங்கியது. வெளித்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த இடத்தை விரலால் நீவி இழுத்தால் தோல் மட்டும் ரப்பர் பாண்டு மாதிரி மெலிந்து நீண்டது. உள்ளே செம்பு இல்லை, இரண்டு முனைகளும் சும்மா தொட்டுக்கொண்டு நின்றன.

காரணம் ஒரு பிளாஸ்டிக் டை. முன்பு வேறு வேலைக்காக இறக்கிய யாரோ, இன்ஜின் ஹார்னஸின் அந்தக் கிளையைச் சேஸிஸோடு நிற்கும் குழாயில் கட்டிவிட்டிருந்தார்கள். லோடோடு மேடு ஏறும்போது இன்ஜின் தன் மவுன்ட்டுகளில் ஒருபக்கமாகச் சாயும். கட்டிப்போட்ட வயரோ நகராது. இறக்கத்தில் இன்ஜின் திரும்ப அமர்ந்ததும் செம்பு தொட்டுக்கொள்ளும், லைட் அணையும். ஒவ்வொரு தடவை சென்சார் மாற்றும்போதும் வயரைத் தள்ளி மாட்டியதில் முனைகள் கொஞ்ச நாள் நன்றாக ஒட்டிக்கொண்டன.

கேன் வழியாகப் பேசும் சென்சார்கள்

புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் போன்றவை வோல்டேஜ் அனுப்புவதில்லை. வண்டியின் கம்ப்யூட்டர்கள் இரண்டு வயர்களில் தகவல் பரிமாறிக்கொள்ளும் கேன் நெட்வொர்க்கில் நேராகப் பேசும். இவற்றில் எஃப்எம்ஐ 9 வந்தால் முதலில் சப்ளை, எர்த், ஃபியூஸ். ஹீட்டர் இருப்பதால் கரன்ட் அதிகம் இழுக்கும், பல்பு சோதனை இங்கே நன்றாகப் பொருந்தும். சைலன்ஸர் போதுமான அளவு சூடேறும்வரை இவை அளவு காட்டாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். குளிர்ந்த வண்டியில் "தகவல் இல்லை" என்று வந்தால் அது பழுதல்ல.

நெட்வொர்க்கைப் பார்க்க, பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கேன்-ஹை, கேன்-லோ இரண்டுக்கும் நடுவே ஓம் அளவுங்கள். ஒன்பது பின் கனெக்டரில் அவை சி, டி; பதினாறு பின்னில் பொதுவாக 6, 14. இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் காணவில்லை அல்லது வழியில் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் மூன்றாவதாக ஒன்று நுழைந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டினால் இரண்டும் ஷார்ட். சாவி ஆனில் ஹை 2.5-க்குச் சற்று மேலும், லோ சற்றுக் கீழும் நிற்கும். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5. அளவு சரியில்லையென்றால், பின்னால் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகளை முதலில் கழற்றிப் பாருங்கள். என் சந்தேகம் எப்போதும் அங்கேதான் போகும்.

ஏபிஎஸ் வீல் சென்சாரைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு வயர் காயில் வகையென்றால் ஓம் சுமார் 900 முதல் 2000 வரை. ஜாக்கி வைத்து இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று என்று வீலைச் சுற்றி, ஏசியில் 0.2 வோல்டாவது வருகிறதா பாருங்கள். குறைந்தால் சென்சாரை டோன் ரிங்கை (வீலோடு சுற்றும் பல் வளையம்) தொடும்வரை தள்ளுங்கள். திரும்பத் திரும்பப் பின்வாங்கினால் வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது.

ஒட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

அறுந்த இடத்தில் நல்ல செம்பு வரும்வரை வெட்டுங்கள். செம்பு கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள். அதே கனமுள்ள வயர்த் துண்டை வைத்துச் சரியான கருவியால் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சால்டர் மட்டும் வைத்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. அந்த இடம் விறைத்துப்போய், அதிர்வில் அதற்குப் பக்கத்திலேயே மறுபடி அறுந்துவிடும். பல வயர்களை ஒட்டினால் ஒட்டுகளை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்பின்னாக வையுங்கள். கேன் வயர்களின் முறுக்கைக் கலைத்துவிடாதீர்கள். பழுது ஹார்னஸின் நடுவே எட்டாத இடத்தில் இருந்தால் முனையிலிருந்து முனைக்குப் புது வயர் ஓட்டி, பழையதை இரு முனைகளிலும் வெட்டி மூடிவிடலாம்.

இசியுவை மாற்றச் சொல்வதற்கு முன், இசியுவின் கனெக்டரில் அந்த ஹார்னஸை விலக்கி, 5 வோல்ட் அதன் பின்னிலேயே இல்லை என்பதையும் அதன் சப்ளையும் எர்த்தும் சரி என்பதையும் கண்ணால் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் கோடை அழித்து, பழுது வந்த அதே சூழ்நிலையில் ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஐடிலில் விட்டுப் பார்ப்பது போதாது. அந்த லாரியில் டையை வெட்டி, ரிட்டர்ன் வயரை ஒட்டி, ஹார்னஸுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு இன்ஜினோடு சேர்த்துக் கிளாம்ப் செய்தேன். லோடு ஏற்றி, பூஸ்ட் வோல்டேஜை ஸ்கேனரில் பதிவு செய்துகொண்டே அதே மேட்டில் மூன்று முறை ஏற்றி இறக்கினோம். திரையில் வோல்டேஜ் வரைகோடு ஒரு இடத்திலும் குதிக்கவில்லை, மிதித்த அளவுக்கு ஏறி இறங்கியது. துணிப்பையில் இருந்த சென்சார்களில் ஒன்றைத்தான் அந்த லாரியில் மாட்டி அனுப்பினேன்.